மேகசின் தொலைந்த பழைய பிஸ்டல்கள்: வாசகர் கேள்விகள்

உற்பத்தி நின்று பல ஆண்டுகளான செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்களின் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் பெட்டி, பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் இடம் கொடுத்திருக்கிறோம். பதில்கள் உரிமம் உள்ளவர்களுக்கும் சட்டப்படி சேகரிப்பவர்களுக்கும்.

அப்பா காலமான பிறகு முறைப்படி என் உரிமத்துக்கு மாற்றப்பட்ட .32 வால்தர் பிஸ்டல் இருக்கிறது. மேகசின் மட்டும் இல்லை. தேடினால் பிபி, பிபிகே, பிபிகே/எஸ் என்று மூன்று பெயர் வருகிறது. எனக்கு எது? கிடைக்காவிட்டால் இங்கே லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாமா?
– வாசகர், கோவை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் ஆயுதம் என்றே கணக்கில் எடுக்கிறது. உரிமம் இல்லாத பட்டறை அதைச் செய்தால் செய்தவர் மீதும் செய்யச் சொன்னவர் மீதும் வழக்கு வரும். கோவைப் பட்டறைக்காரருக்குக் கை வராத வேலை இல்லைதான். ஆனால் இது கைத்திறன் பற்றிய விஷயம் இல்லை. வெளிநாட்டு இணையக் கடையில் ஆர்டர் போடுவதும் அப்படித்தான். பார்சல் சுங்கத்தில் நிற்கும், பிறகு நீங்கள் காவல் நிலையத்தில் நிற்க வேண்டும்.

இனி அடையாளம். ஸ்லைடின், அதாவது துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பகுதியின், இடது பக்கத்தில் வால்தர் முத்திரையை ஒட்டி மாடல் பெயரும் தோட்டா அளவைச் சொல்லும் காலிபரும் பொறித்திருக்கும். ஜெர்மன்காரர்கள் .32 என்று எழுதுவதில்லை, 7.65 மி.மீ. என்றுதான் இருக்கும். பிபி 1929இல் வந்தது, .32இல் 8 தோட்டா. அதன் கைப்பிடியைக் குறுக்கி 1931இல் வந்தது பிபிகே, 7 தோட்டா. பிபிகே/எஸ் என்பது 1968ஆம் ஆண்டு அமெரிக்க இறக்குமதிச் சட்டத்தின் அளவு விதியைத் தாண்டுவதற்காக பிபியின் கைப்பிடிச் சட்டகத்தில் பிபிகேயின் ஸ்லைடைப் பொருத்திய கலப்பு. ஆகவே அதற்குப் போவது பிபி நீள மேகசின். .380 காலிபரில் எல்லாவற்றிலும் ஒன்று குறையும்: பிபிக்கு 7, பிபிகேக்கு 6.

மேகசினைப் பிடித்து நிறுத்தும் கொக்கி எங்கே இருக்கிறது என்று அடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பிபிகளில் அது விசைக்குப் பின்னால் இடது பக்கத்தில் பித்தானாக இருக்கும். ஆரம்பகாலத் துப்பாக்கிகள் சிலவற்றில் கைப்பிடியின் அடியில் இருக்கும். இரண்டுக்கும் மேகசினில் வெட்டு வேறு. உங்களுடையது அடிக்கொக்கி என்றால் சாதாரண பிபி மேகசினுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தக் கொக்கி விஷயம் வால்தருக்கு மட்டுமல்ல, எல்லாப் பழைய பிஸ்டலுக்கும் பொருந்தும். பக்கப் பித்தான் உள்ள துப்பாக்கியில் கொக்கி விழும் வெட்டிலிருந்து மேகசினின் வாய் விளிம்பு வரை உள்ள தூரம்தான் முக்கியம். அடிக்கொக்கி உள்ளதில் கொக்கி தாங்குவது அடித்தட்டை. அங்கே அடித்தட்டிலிருந்து வாய் விளிம்பு வரை உள்ள மொத்த உயரம் முக்கியம். இந்த அளவில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தோட்டா ஸ்லைடின் பாதையில் சரியான உயரத்தில் நிற்காது. வாங்குபவர்கள் அகலத்தையும் நீளத்தையும் கேட்பார்கள், இதைக் கேட்க மறந்துவிடுவார்கள்.

கையில் மேகசின் இல்லாதபோது துப்பாக்கியையே அளக்க வேண்டியதுதான். முதலில் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். மேகசின் இல்லை என்பதால் தோட்டாவும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வால்தர் பிபி மேகசின் இல்லாமலும் சுடும். வெர்னியர் காலிப்பரால் கைப்பிடிக் குழியின் உள்ளகலம், முன்பின் ஆழம் இரண்டையும் எடுங்கள். குழியின் அகலத்துக்குக் கெட்டி அட்டை ஒன்றை வெட்டி உள்ளே விட்டு, கொக்கியை விட்டுப் பிடித்தால் அட்டையில் தழும்பு விழும். அந்தத் தழும்புக்கும் குழியின் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உரிமத்தையும் இந்த அளவுகளையும் எடுத்துக்கொண்டு உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் போங்கள். 1980களுக்குப் பிறகு தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றுவிட்டதால், இந்தியாவில் புழங்கும் பழைய வெளிநாட்டு .32 பிஸ்டல்களுக்கான உதிரிகள் பழைய சரக்கிலிருந்தும், விற்பனைக்கு வரும் பழுதான துப்பாக்கிகளிலிருந்தும்தான் கிடைக்கும். ஒரே கடையில் கிடைக்காது. நாலு ஊர் வியாபாரிகளிடம் சொல்லி வைக்க வேண்டும். போருக்குப் பிறகு பிரான்சில் மனுரின் நிறுவனம் வால்தர் உரிமத்தில் செய்த பிபி மேகசின்களும் பெரும்பாலும் பொருந்தும். ‘வால்தர்’ முத்திரைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ரசீது வாங்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிரௌனிங் .32 ஒன்று எங்கள் குடும்பத்தில் உரிமத்தோடு உள்ளது. மேகசினைக் கழற்றிவிட்டால் விசை வேலை செய்வதில்லை. பழுதா? இதற்கு 7 தோட்டா மேகசினா, 9 தோட்டா மேகசினா?
– வாசகி, மதுரை

பழுதில்லை. பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் செய்த 1910 மாடலில் மூன்று பாதுகாப்புகள் உண்டு: கட்டை விரல் பூட்டு, கைப்பிடியின் பின்னால் அழுத்தும் பூட்டு, மேகசின் பூட்டு. மேகசின் உள்ளே இல்லாவிட்டால் சுடாது. 1922 மாடலிலும் இதே ஏற்பாடுதான். மேகசின் தொலைந்த துப்பாக்கியைப் ‘பழுது’ என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

எத்தனை தோட்டா என்பதற்கு ஸ்லைடின் முனையைப் பாருங்கள். முனையில் வட்டமான வளையம் குழலைச் சுற்றி இருந்து, மொத்த நீளம் சுமார் 15 செ.மீ. என்றால் 1910 மாடல்; .32இல் 7 தோட்டா. ஸ்லைடின் முன்னால் தனியாக ஒரு நீட்டிப்பு மாட்டியிருந்து, மொத்த நீளம் சுமார் 18 செ.மீ. என்றால் 1922 மாடல், 9 தோட்டா. யூகோஸ்லாவியா ராணுவம் கேட்டதற்காக 1910 மாடலின் குழலையும் கைப்பிடியையும் நீட்டிச் செய்ததுதான் 1922.

இன்னொன்று. 1910 மாடலில் குழலை மாற்றினாலே .32 துப்பாக்கி .380 ஆகிவிடும். ஸ்லைடில் பொறித்திருப்பதை மட்டும் நம்பாமல், குழல் அறையின் மேல் உள்ள எழுத்தையும் பாருங்கள். 1914இல் சாரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது இந்த 1910 மாடலில்தான், அதுவும் .380 வகை. 1911இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத் தயாரிப்புப் பிரௌனிங் என்று படித்திருப்பீர்கள். அந்தப் பெயரைச் சொல்லி உங்களிடம் யாராவது மேகசின் விற்க வந்தால், ‘பிரௌனிங்’ என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது அரை டஜன் வெவ்வேறு மேகசின் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

.32 மேகசின் .380 துப்பாக்கிக்குள் அழகாக ஏறுகிறதே, பயன்படுத்தினால் என்ன?
– வாசகர், ஹூஸ்டன்

ஏறும், ஆனால் தோட்டாவைக் குழலுக்குள் ஊட்டாது. இரண்டு தோட்டாவுக்கும் மொத்த நீளத்தின் உச்ச அளவு ஒன்றே, சுமார் 25 மி.மீ. அதனால் பல நிறுவனங்கள் ஒரே உடல் அளவில் இரண்டு மேகசினையும் செய்தன. தடிமன்தான் வேறு: .32 தோட்டாவின் உடல் ஏறக்குறைய 8.5 மி.மீ., .380இன் அடி ஏறக்குறைய 9.5 மி.மீ. .32 மேகசினின் வாய் விளிம்புகள் நெருக்கமானவை, .380 தோட்டா அதில் சிக்கும். மாற்றிப் போட்டால் .32 தோட்டா விளிம்பைத் தாண்டி மேலே துள்ளும்.

விற்பவர் ‘7.65’ என்று மட்டும் சொன்னால் எந்த 7.65 என்று கேளுங்கள். 7.65 பிரௌனிங் என்பதே .32. 7.65 பாராபெல்லம் லூகருடையது. 7.65 லாங் என்பது பிரெஞ்சு ராணுவத்தின் 1935 மாடல்களுடையது. அந்த 1935இலும் ஏ, எஸ் என்று இரண்டு உண்டு. ஒன்றின் மேகசின் மற்றதற்குச் சேராது.

முதல் உலகப் போர் காலத்து ‘ரூபி’ பிஸ்டல் ஒன்றை அனுமதியோடு வைத்திருக்கிறேன். மூன்று மேகசின் வாங்கியும் ஒன்றுகூடச் சரியாக உட்காரவில்லை. எல்லாமே ரூபி என்றுதான் விற்றார்கள்.
– வாசகர், பாரிஸ்

விற்றவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ரூபி என்பதை ஒரு துப்பாக்கியின் பெயர் என்று சொல்வதைவிட ஒரு ஊர்க்கூட்டத்தின் பெயர் என்று சொல்லலாம். ஸ்பெயினின் ஐபார் வட்டாரத்தில் கபிலோண்டோ நிறுவனம் பிரௌனிங்கின் வடிவத்தைப் பார்த்து 9 தோட்டா பிடிக்கும் .32 பிஸ்டல் ஒன்றைச் செய்தது. 1915இல் பிரெஞ்சு ராணுவம் மாதம் பத்தாயிரம் வேண்டும் என்று கேட்டது, பிறகு அதையும் கூட்டியது. ஒரு நிறுவனத்தால் முடியாது என்பதால் வேலையைச் சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். போதாதற்கு மற்ற பட்டறைகளும் பிரான்சோடு நேரடியாகவே ஒப்பந்தம் போட்டன. ஆளுக்கொரு அச்சு, ஆளுக்கொரு அரம். கொக்கியின் இடம், குழியின் அகலம், வாய் விளிம்பின் உயரம் எதுவும் பட்டறைக்குப் பட்டறை ஒத்துப்போகவில்லை.

போர்முனையில் ஒருவரின் மேகசின் அடுத்தவர் துப்பாக்கியில் சேராமல் தொல்லை வந்ததால், எந்தப் பட்டறை செய்தது என்பதற்கு இரண்டெழுத்துக் குறியைத் துப்பாக்கியிலும் மேகசினிலும் பொறிக்க வைத்தார்கள். உங்களுக்கு வழி காட்டப்போவது இதுதான். கைப்பிடிச் சட்டத்தின் இடது பின்பகுதியில் தேடுங்கள்; எண்ணெய்க் கறையையும் துருவையும் மென்மையான பித்தளைத் தூரிகையால் நீக்கிவிட்டு, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பிஎச் என்றால் பெய்ஸ்தேகி எர்மானோஸ், ஏஏ என்றால் அசான்சா ஈ அரிசபலாகா, ஆர்எச் என்றால் ரெத்தோலாசா எர்மானோஸ், இசட்சி என்றால் சுலைக்கா, இயு என்றால் எஸ்பெரான்சா ஈ உன்சேத்தா. ஸ்லைடில் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயர் மேகசின் தேட உதவாது. இந்தச் சின்ன இரண்டெழுத்துதான் உதவும்.

அதே குறி உள்ள மேகசின் கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஒரே பட்டறையின் 1915ஆம் ஆண்டு வேலையும் 1918ஆம் ஆண்டு வேலையும் வேறுபடலாம். உங்கள் ஊரில் ஆயுதச் சேகரிப்பாளர்களின் சந்தைகள் நடக்கின்றனவே, அங்கே துப்பாக்கியின் அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் காலிப்பரோடு தேடுவதுதான் நல்லது. தபாலில் வாங்கினால் நான்காவதும் வீணாகும்.

வீட்டுக்கு வந்த மேகசினைச் சோதிக்க வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாக்கள் போதும். காலி மேகசின் தன் எடையிலேயே ஏறி இறங்குகிறதா? கொக்கி விழுந்த பிறகு அடித்தட்டை மேலும் கீழும் ஆட்டினால் எவ்வளவு ஆடுகிறது? அரை மில்லிமீட்டர் ஆட்டம் பழைய ரூபியில் சகஜம், ஒன்றரை என்றால் சேராது. ஸ்லைடைக் கையால் மெதுவாக நகர்த்தும்போது அதன் அடிப்பகுதி வாய் விளிம்பில் உரசினால் மேகசின் உயரம் அதிகம். தோட்டாவின் அடியைத் தொடாமல் அதன் முதுகின் மேல் ஸ்லைடு வழுக்கிப் போனால் உயரம் குறைவு. உயரம் அதிகமான மாற்று மேகசினில் அடித்தட்டின் கொக்கி படும் இடத்தைத் துப்பாக்கி மெக்கானிக் தேவைக்கு ஏற்பச் சரிசெய்து தருவார். உயரம் குறைவானதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எதைச் சரிசெய்தாலும் மேகசினில்தான் செய்ய வேண்டும். துப்பாக்கியின் கொக்கியை அராவினால், பிறகு சரியான மேகசின் கிடைக்கும் நாளில் அதுவும் சேராது.

1950களின் கோல்ட் உட்ஸ்மேன் .22 வாங்கினேன். வந்த மேகசின் உள்ளே போகிறது, நிற்கவில்லை. ஹை ஸ்டாண்டர்டு ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன், அதிலும் இதே தலைவலி வருமா?
– வாசகர், டல்லஸ்

உட்ஸ்மேன் 1915 முதல் 1977 வரை மூன்று தொடர்களாக வந்தது. முதல் தொடர் 1947 வரை, இரண்டாவது 1955 வரை, மூன்றாவது அதற்குப் பிறகு. முதலுக்கும் மூன்றாவதுக்கும் மேகசின் கொக்கி கைப்பிடியின் அடியில். இரண்டாம் தொடருக்கு விசைக்குப் பின்னால் பித்தான். உங்களுடையதில் பித்தான் இருந்து, வந்த மேகசினில் அந்தப் பித்தானுக்கான வெட்டு இல்லை என்றால் கதை அவ்வளவுதான், வேறு தொடரின் மேகசின் அது. ஒரு விதிவிலக்கு: இரண்டாம் தொடர் காலத்தில் மலிவு விலையில் வந்த சேலஞ்சருக்கு அடிக்கொக்கி. ஆகவே ஆண்டை மட்டும் சொல்லி மேகசின் கேட்காதீர்கள். மாடல் பெயர், கொக்கியின் இடம், சீரியல் எண் மூன்றையும் சொல்லுங்கள்.

ஹை ஸ்டாண்டர்டில் கேட்க வேண்டியது கைப்பிடியின் சாய்வு. சாய்வான பழைய கைப்பிடிக்கு ஒரு மேகசின். கோல்ட் 1911இன் சாய்வைப் பின்பற்றிய ‘மிலிட்டரி’ கைப்பிடிக்கு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட முடியாது. அந்த நிறுவனம் 1984இல் மூடப்பட்டுவிட்டதால் அசல் மேகசினுக்கு நல்ல விலை சொல்கிறார்கள். துப்பாக்கியை இன்னும் வாங்கவில்லை என்றால், எத்தனை அசல் மேகசின் கூட வருகிறது என்பதை விலை பேசும்போதே கேளுங்கள். .22 பந்தய பிஸ்டலில் ஊட்டல் கோளாறு என்றாலே பெரும்பாலும் மேகசினின் வாய் விளிம்புதான் காரணம். ஒரு அசல் மேகசின் சுத்தமாக ஊட்டுகிறது என்றால் அதன் விளிம்பை நாலு இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். பின்னாளில் மற்ற மேகசின்களைச் சரிசெய்ய உங்களுக்கு வேறு அளவுகோல் கிடைக்காது.

மவுசர் எச்எஸ்சி .32. முதல் ஐந்தாறு தோட்டா ஒழுங்காக ஏறும். கடைசி இரண்டு மூக்கைக் கீழே குத்திக்கொண்டு சிக்கும். மேகசின் அசல். புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், டெட்ராய்ட்

அவசரப்படாதீர்கள். கடைசித் தோட்டாக்கள் மட்டும் சிக்கினால் முதல் சந்தேகம் ஸ்பிரிங் மீதுதான். மேகசின் நிறைந்திருக்கும்போது ஸ்பிரிங் நன்றாக அமுங்கி வலுவாகத் தள்ளும். காலியாகக் காலியாக வலு குறையும். களைத்த ஸ்பிரிங் கடைசித் தோட்டாவை ஸ்லைடு வரும் நேரத்துக்குள் மேலே கொண்டுவந்து நிறுத்தாது. ஸ்லைடு அதன் அடியைத் தள்ளாமல் நடுவில் அடிக்கும், மூக்கு கீழே குத்தும்.

அடித்தட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் அதன் மேல் தோட்டாவைத் தாங்கும் தட்டான ஃபாலோயரையும் வெளியே எடுங்கள். கழற்றும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலால் ஸ்பிரிங்கை அடக்கிப் பிடியுங்கள். ஸ்பிரிங்கின் எந்த முனை மேலே, எந்தப் பக்கம் முன்னே என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் போட்டால் ஃபாலோயர் முன்பக்கம் சாய்ந்து, நீங்கள் சொல்லும் அதே கோளாறு வரும். சொல்லப்போனால், புது ஸ்பிரிங் வாங்கும் முன் அது ஏற்கெனவே தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். உடலின் உள்சுவரில் பழைய எண்ணெய் காய்ந்து கோந்து மாதிரி ஒட்டியிருக்கும். கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, அப்படியே விடுங்கள். மேகசினுக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள், அது தூசியைப் பிடித்துத் தோட்டாவின் மேலும் ஏறும்.

பக்கச் சுவரில் குழி விழுந்திருக்கிறதா என்று நேர்கோலை வைத்துப் பாருங்கள். ஃபாலோயரை மட்டும் உள்ளே போட்டுச் சாய்த்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். இதெல்லாம் சரியென்றால் புது ஸ்பிரிங். உலோகத்தின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, அழுத்தாத நீளம் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். நீளமான ஸ்பிரிங்கைத் திணித்தால் எட்டாவது தோட்டா ஏறாது, அல்லது ஏறியபின் ஸ்லைடு அதை உருவ முடியாமல் திணறும்.

முதல் தோட்டாவிலேயே சிக்கல், அல்லது தோட்டா மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் கதை வேறு; அது வாய் விளிம்பு விரிந்ததன் அறிகுறி. இரண்டு விளிம்பின் இடைவெளியை முன்னும் பின்னும் அளங்கள். விளிம்பு உடலோடு சேரும் பின் மூலையில் மயிரிழை விரிசல் இருந்தால் அந்த மேகசினை வளைத்து நேராக்க நினைக்காதீர்கள், அலமாரிக்குத்தான்.

.32க்கு மட்டும் உரிய தொல்லை இன்னொன்று உண்டு. இந்தத் தோட்டாவின் அடியில் உடலைவிடச் சற்று அகலமான விளிம்பு இருக்கிறது. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும், ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் நகராது. குழிமூக்குத் தோட்டாக்கள் நீளம் குறைவானவை. மேகசினுக்குள் முன்பின் நகர இடம் கிடைப்பதால் அவற்றில்தான் இது அடிக்கடி நடக்கும். இந்தக் காலத்து பிஸ்டலுக்கு அது வடிவமைத்ததுபோல முழு உலோக உறைத் தோட்டாவையே போடுங்கள். நிரப்பும்போது ஒவ்வொன்றையும் பின்சுவர் வரை தள்ளி, அடுத்ததை அதன் முன்னால் இறக்குங்கள்.

அமெரிக்காவில் இருப்பதால் உங்களுக்குக் கடை உண்டு. இத்தாலியின் மெக்கார் பல பழைய பிஸ்டல்களுக்கு இன்றும் மேகசின் செய்கிறது. கலிபோர்னியாவின் டிரிபிள் கே நீண்ட பட்டியல் வைத்திருக்கிறது. அரிய மாடலுக்குப் பல நேரம் அது ஒன்றுதான் வழி, ஆனால் வாங்கியதும் கைவேலை கொஞ்சம் தேவைப்படலாம் என்று எண்ணிக்கொண்டு வாங்குங்கள். நியூயார்க்கின் நியூம்ரிச் பழைய துப்பாக்கிகளைப் பிரித்த உதிரிகளுக்குப் பெயர்போனது. சேகரிப்பவருக்கு நாம் சொல்வது: சுட ஒரு புது மேகசின், பத்திரமாக எடுத்துவைக்க அந்தப் பழைய அசல்.

லூகர் பி08க்கு ‘எண் பொருந்திய’ மேகசின் என்று இரட்டை விலை கேட்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகர், நியூஜெர்சி

ஜெர்மன் ராணுவ லூகருடன் இரண்டு மேகசின் கொடுத்து, துப்பாக்கியின் எண்ணை இரண்டின் அடிப்பகுதியிலும் பொறித்தார்கள். இரண்டாவதற்கு அடையாளமாகக் கூட்டல் குறியும் போட்டார்கள். முதலில் காலம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதல் உலகப் போர் காலத்தில் அடிப்பகுதி மரம், 1930களில் அலுமினியம், பிறகு கறுப்பு பிளாஸ்டிக். 1917ஆம் ஆண்டுத் துப்பாக்கிக்கு அலுமினிய அடியில் ‘பொருந்திய’ எண் என்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். மேகசின் உடலும் காலம் சொல்லும்: பழையது தகட்டை மடித்துச் சேர்த்தது, பிற்காலத்தில் ஹேனல் செய்தது இணைப்பு தெரியாத குழாய் உடல். அதில் எஃப்எக்ஸ்ஓ என்ற குறி இருந்தால் அது ஹேனலின் போர்க்காலக் குறி.

மரத்தில் பழைய எண்ணின் பள்ளத்துக்குள்ளும் அழுக்கு ஏறி மற்ற பரப்பின் நிறமே இருக்கும். புதிதாகப் பொறித்ததில் பள்ளத்தின் அடி வெளிறித் தெரியும், அல்லது அதை மறைக்கப் பூசிய சாயம் எண்ணைச் சுற்றி மட்டும் கறுத்திருக்கும். பூதக்கண்ணாடி போதும். அலுமினியத்தில் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருந்தால் அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்திருக்கும். நேர்கோலின் விளிம்பை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

ஃபாலோயரோடு சேர்ந்த பித்தான் உடலின் ஒரு பக்கம் துருத்தி நிற்கும். கடைசித் தோட்டா முடிந்ததும் துப்பாக்கியைத் திறந்து நிறுத்துவது அதுதான். பிரித்துச் சுத்தம் செய்தால் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுடுவதற்கு மட்டும் என்றால் மெக்கார் மேகசின் அசலைவிட நம்பகமானது, விலையும் குறைவு.

ஜப்பானின் நாம்பு 14 சேகரிப்பவர்களுக்கும் ஒரு வரி: பிற்காலத் துப்பாக்கிகளில் கைப்பிடியின் முன்பக்கம் மேகசினைப் பிடிக்கும் ஸ்பிரிங் உண்டு; அதற்கேற்ற வெட்டு பிற்கால மேகசின்களில்தான் இருக்கும்.

இங்கிலிஸ் நிறுவனம் செய்த ஹை பவர் பிஸ்டலுக்கு 13 தோட்டா அசல் மேகசின் வாங்கலாமா?
– வாசகர், டொரன்டோ

உங்கள் ஊரிலேயே 1944, 45இல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் செய்த துப்பாக்கி, ஆனால் அதன் அசல் மேகசினை அங்கே அப்படியே வைத்திருக்க முடியாது. கனடாவில் கைத்துப்பாக்கி மேகசினுக்கு வரம்பு 10. பத்துக்கு மேல் ஏறாதபடி நிரந்தரமாக ஆணியடித்ததைத்தான் வாங்க வேண்டும். அந்த ஆணியை எடுப்பது குற்றம். 2022 அக்டோபர் 21 முதல் தனியாருக்குக் கைத்துப்பாக்கி கைமாறுவதும் நிறுத்தப்பட்டுள்ளது, ஆகவே இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டி அமெரிக்காவிலிருந்து மேகசினைக் காரில் போட்டுக் கொண்டுவரும் யோசனை வேண்டாம்; அங்கே ஏற்றுமதி விதி, இங்கே இறக்குமதி விதி, இரண்டிலும் மாட்டுவீர்கள்.

மேகசின் பித்தானை அழுத்தியும் தானாகக் கீழே விழாதது இந்த மாடலின் இயல்பு. மேகசின் பூட்டின் நெம்பி அதன் முன்பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும். பிற்கால மேகசின்கள் சிலவற்றில் அடித்தட்டில் எலிப்பொறி போன்ற ஸ்பிரிங் வைத்து வெளியே தள்ளச் செய்தார்கள். உடலை அராவி வழவழப்பாக்கத் தேவையில்லை.

மேகசினை நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடுமா?
– வாசகர், சென்னை

நல்ல ஸ்பிரிங் அளவுக்குள் அமுங்கியே இருப்பதால் பெரிதாகத் தளராது. திரும்பத் திரும்ப அமுங்கி விரிவதும், அளவுக்கு மேல் அமுக்குவதும், துருவும்தான் அதைக் கெடுக்கும். சென்னைக் காற்றில் துருதான் முதல் எதிரி. தோல் உறைக்குள் வைத்து மறந்துவிடாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

மவுசர் சி96க்கு மேகசின் எங்கே கிடைக்கும்? என்னிடம் உள்ளதில் கழற்றவே முடியவில்லை.
– வாசகர், லண்டன்

கழற்ற முடியாது, அது துப்பாக்கியின் சட்டகத்தோடு சேர்ந்தது. அடித்தட்டு மட்டும் சுத்தம் செய்யக் கழலும். விசைக்கு முன்னால் துருத்தி நிற்கும் பெட்டிக்குள் மேலிருந்து 10 தோட்டா பிடித்த தகட்டுக் கிளிப்பை நிறுத்தி, கட்டை விரலால் அழுத்தி இறக்க வேண்டும். ஸ்டெயர் 1912உம் அப்படித்தான், அதற்கு 8 தோட்டாக் கிளிப். நீங்கள் தேட வேண்டியது கிளிப்பை. ‘சி96க்கான கழலும் மேகசின்’ என்று விற்பது பிற்காலத்தில் வந்த தானியங்கி வகையான 712க்கு உரியது, உங்களுடையதில் அதை மாட்ட இடமே இல்லை.